கூடத்துக்கு வந்து சேர்ந்த தோட்டம்

மூன்றாம் மாடியில், கூடத்துக்கும் பட்டறைக்கும் நடுவே உள்ள வாசலில் வைத்திருந்த சிமெண்டுத் தவளையைச் சுற்றிப் புல் முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் குழாயில் தண்ணீரும் வரவில்லை. எதற்கு முதலில் கவலைப்படுவது என்று பல்செட் அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தண்ணீருக்கே கவலைப்படுவது என்று முடிவு செய்தாள். புல் எங்கே போய்விடப் போகிறது? தண்ணீர் லாரி போய்விடும்.

அவளுக்கு அந்தப் பெயர் தொழிலால் வந்தது. ஊரில் உள்ள பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஜிப்சம் மாவு குழைத்து வார்ப்பு எடுப்பது, மெழுகில் ஈறு கட்டுவது, பல் பதிப்பது, வேகவைப்பது, மெருகேற்றுவது எல்லாம் அக்காவின் பட்டறையில்தான் நடக்கும். தெருவில் யாராவது சிரித்தால், ஆள் யார் என்று பார்ப்பதற்கு முன் அது தன் கைவேலையா என்று பார்ப்பாள். கைவேலைக்கு ஓர் அடையாளமும் வைத்திருந்தாள். மேல் வரிசையில் இடது கோரைப்பல்லை ஒரு மயிரிழை சாய்த்துப் பதிப்பாள். எல்லாப் பல்லும் அணிவகுப்புக்கு நிற்கிற மாதிரி நின்றால் பொய்ப்பல் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். ஒன்று சற்று அடங்காமல் நின்றால்தான் மற்றதையெல்லாம் ஜனங்கள் நம்புவார்கள். இந்த விஷயம் அவளைத் தவிர அவள் தம்பிக்கு மட்டும்தான் தெரியும்.

தம்பிக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அக்காவோடுதான் இருந்தான். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி, அதுவரை அவன் சொன்னது எதுவும் சரியாக இருந்ததில்லை என்பது. அவன் குடையோடு கிளம்பினால் அக்கம்பக்கத்தார் நம்பித் துணி காயப்போடுவார்கள். மூன்று வரிசை இருந்தால் அவன் நிற்கிற வரிசைக்குத்தான் ஜன்னலை மூடுவார்கள். செத்துப்போனதாக அவன் மலர்வளையம் வாங்கிக்கொண்டு போன பெரியப்பா, தானே வந்து கதவைத் திறந்து, "யாருக்குடா இது?" என்று கேட்டிருக்கிறார். இதையெல்லாம் அவன் மனசில் போட்டுக்கொள்வதில்லை என்று ஊர் நினைத்தது. அக்காவுக்குத்தான் தெரியும். சாப்பிடும்போது "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால்கூட அவன் பதில் சொல்லாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவன் தோட்ட அலங்கார ஆய்வுக் கழகத்தில் தவளைத் துறையைக் கவனித்துவந்தான். கழகத்தில் ஆளுக்கொரு துறை. தலைவர் தோட்டத்துக் குள்ளர்களை ஆராய்கிறவர். சிவப்புக் குல்லாயும் வெள்ளைத் தாடியும் வைத்த முழங்கால் உயரப் பொம்மைகள். ஆராய்கிறவரோ எந்த வாசலிலும் குனியாமல் நுழைய முடியாத உயரம். அதனால் அவரை நெட்டையர் என்றே சொல்வார்கள். செயலாளர் காளான் மேடம். சிமெண்டுக் காளான்களில் அவருக்கு மேல் ஆள் கிடையாது. நடுநிலை கெட்டுவிடும் என்பதால் நிஜக் காளானைக் கையாலும் தொடமாட்டார். கொக்குத் துறைக்காரர் ஒருவர் இருந்தார். ஒற்றைக் காலில் நின்றே ஆராய்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதில் இப்போதெல்லாம் வருவதில்லை.

கழகத்துக்கு இரண்டு விதிகள். ஓர் அலங்காரப் பொருளை அதன் முதுகுப் பக்கமிருந்துதான் ஆராய வேண்டும் என்பது முதலாவது. முகம் என்பது தெருவில் போகிறவர்களைச் சந்தோஷப்படுத்தச் செய்தது. சந்தோஷப்படுத்தச் செய்த எதையும் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. முதுகில் யாரும் சிரத்தை எடுப்பதில்லை, ஆகவே அங்கே பொய் இருக்காது. நெட்டையர் குள்ளர்களின் முதுகைப் பற்றி ஏழு பாகம் எழுதியவர்; ஒரு குள்ளனுக்காவது மூக்கு உண்டா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. இரண்டாவது விதி, ஆய்வுக்கு என்று வைத்த பொருளை அது தானாக அசைகிற வரைக்கும் யாரும் அசைக்கக் கூடாது.

தம்பி அந்தத் தவளையைப் பால்கனியில் வைக்கத்தான் தூக்கி வந்தான். ஒரு மூட்டை சிமெண்டுக்குக் குறையாத கனம். மூன்று மாடி ஏறி, கூடத்தைக் கடந்து, பால்கனிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் தவறாகத் திரும்பி, பட்டறை வாசலில் முதுகு பிடித்துக்கொண்டு கீழே வைத்துவிட்டான். வைத்தது வைத்ததுதான். தவளையின் முதுகு கூடத்தைப் பார்த்தது, முகம் அக்காவின் வேலை மேசையைப் பார்த்தது. சமையலறைக்கும் பட்டறை வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், தம்பி தவளையைத் தாண்டி உள்ளே போவான், திரும்பிப் பார்க்காமல் சாப்பிடுவான், பின்பக்கமாகவே நடந்து வந்து தாண்டிக் கூடத்துக்குப் போவான். இரண்டு தடவை விழுந்தான். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டான்.

அவனுடைய கொள்கை, தோட்டத்துக்காகப் பொம்மை வைப்பதில்லை, பொம்மையைத் தேடித்தான் தோட்டம் வருகிறது என்பது. வெறுந்தரையில் ஒரு தவளையை வைத்துவிட்டுப் பொறுமையாக இருந்தால் தோட்டம் எங்கிருந்தாலும் நடந்து வந்து சேரும் என்றான். அக்காவும் பொறுமையாகத்தான் இருந்தாள், தவளையைத் தாண்டித் தாண்டி. ஆகவே புல் முளைத்த செவ்வாய்க்கிழமை தம்பி கூடத்தில் மண்டியிட்டுக் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தொடவில்லை. "அக்கா, வந்துடுச்சு," என்றான், விருந்தாளி வந்த மாதிரி. அன்றிலிருந்து, தோட்டம் படியேறி வருவதற்குச் சிரமப்படக் கூடாது என்று வாசல் கதவைத் திறந்தே வைத்தான்.

புல்லுக்குப் பிறகு சரளைக்கல் பாதை, வேலிச்செடி, பச்சைப் பெயிண்ட் அடித்த பெஞ்சு, வாய்க்கால், அதன் மேல் ஆறடிக்குப் பாலம். வெளியே இருந்து பார்த்தால் கட்டடம் பழைய அகலத்திலேயே இருந்தது. உள்ளே மட்டும் வாசலிலிருந்து பட்டறைக்கு நடந்து வர ஒரு சிகரெட் புகைக்கிற நேரம் ஆயிற்று. பல் அளவு சரிபார்க்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு வந்தார்கள். தபால்காரர் ஒருநாள் வழிதவறி வாய்க்காலின் அந்தப் பக்கம் போய்விட, தம்பி கைதட்டிக் கூப்பிட்டுக் கொண்டுவந்தான். இதிலெல்லாம் யாருக்கும் பெரிய ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. தபால்காரர் மட்டும் பூச்சிக்கடிக்கு ஏதாவது போட முடியுமா என்று கேட்டார்.

அக்காவுக்கு மட்டும் வேறு ஒரு விஷயம் தெரியும். அவள் கழக உறுப்பினர் இல்லை. நாள் முழுக்கத் தவளையின் முகத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். தவளை வந்த அன்று அதன் வாய் மூடியிருந்தது, சிமெண்டில் கீறின ஒரு கோடு, அவ்வளவுதான். ஊரார் வாயை அளந்தே பழகின கண் சும்மா இருக்குமா? இரண்டாம் வாரம் அந்தக் கோடு நகக்கண் அளவு திறந்திருந்ததைப் பார்த்தாள். மூன்றாம் வாரம் சுண்டுவிரல் போயிற்று. ஒருநாள் காலை, மெழுகு உருக்கிக்கொண்டிருந்தபோது, தவளை ஒரு விதையைத் துப்பியது.

அது பழைய கட்டடம், பட்டறைத் தரை கூடத்தை நோக்கிச் சாய்வு. மேசையிலிருந்து உருண்ட பல்லைக் கூடத்தில் போய்த்தான் தேட வேண்டும். விதையும் அப்படியே தவளையின் வயிற்றுக்கு அடியில் உருண்டு அந்தப் பக்கம் போய் முளைத்தது. மறுநாள் ஒரு கூழாங்கல். பிறகு தீக்குச்சி நீளத்தில் பச்சை பெஞ்சு. உருண்டு போய் மதியத்துக்குள் ஆள் உட்காரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. இரும்பு கேட் ஒன்று பூட்டோடு வந்தது, சாவி மறுநாள் வந்தது. தோட்டம் எங்கிருந்தும் வரவில்லை. வாயிலிருந்து போய்க்கொண்டிருந்தது. கூடத்தில் தம்பி அதன் முதுகைப் பார்த்தபடி, "படியேறி வந்த சுவடே தெரியலக்கா, எவ்வளவு நாசூக்கு பாரு," என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். அக்கா வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு வாய் திறந்திருந்ததே போதும் என்று இருந்தது.

சிக்கல் கேரட் வடிவில் வந்தது. ஹவுஸ்ஓனர் நேர் கீழே, இரண்டாம் மாடியில் இருந்தார். தோட்டத்தில் காய்கறிப் பாத்தி வந்த வாரம், அவருடைய சாப்பாட்டு மேசைக்கு மேலே கூரையைப் பிளந்துகொண்டு கேரட்டுகள் தலைகீழாகத் தொங்க ஆரம்பித்தன. நல்ல கேரட்டுகள். ஆனால் ஹவுஸ்ஓனருக்கு வாயில் ஒரு பல் கிடையாது. அவருடைய செட்டு அக்காவின் பட்டறையில் மெருகுக்குக் காத்திருந்தது.

"ஏம்மா, பல்லில்லாதவன் தலைக்கு மேல கேரட்டு தொங்கவிடறியே, உனக்கே இது நல்லா இருக்கா?" என்று பாலத்தின் மேல் நின்றுகொண்டு சத்தம் போட்டார்.

"சார், உங்க செட்டு வர்ற வாரம் ரெடி."

"செட்டு கிடக்கட்டும். கஞ்சியைக் குடிச்சிட்டு அண்ணாந்து பார்த்தா வயிறு எரியுது. அந்தத் தவளையைத் தூக்கு. இல்லன்னா பட்டறையைக் காலி பண்ணு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் நானே வந்து தூக்கிக் கீழ போட்டுடுவேன்."

பட்டறையைக் காலி செய்வது என்பது விளையாட்டில்லை. அடுப்பு, அழுத்து இயந்திரம், மூட்டை மூட்டையாக மாவு, ஊர் முழுக்க உள்ளவர்களின் வாய் அச்சுகள். மெழுகு நாற்றத்தையும் தம்பியையும் சேர்த்துச் சகித்துக்கொள்கிற இன்னொரு ஹவுஸ்ஓனரை அவள் எங்கே தேடுவாள்?

அதே வாரம் நெட்டையரும் காளான் மேடமும் வந்தார்கள். நெட்டையர் தவளையின் முதுகுக்குப் பின்னால் கைகட்டி நின்று வெகுநேரம் தோட்டத்தைப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவருடைய குள்ளர்களைத் தேடி இதுவரை ஒரு புல்லும் வந்ததில்லை.

"வர்றவங்க வந்து சேர்ந்ததும் உட்காருவாங்க, தம்பி. உங்க தோட்டம் உட்காரவே மாட்டேங்குதே. இதுக்குப் பேரு வருகை இல்ல. வழியறது. அடுப்புல பால் வழிஞ்சா, பால் நம்மளத் தேடி வந்திருக்குன்னு சொல்லுவீங்களா?"

"தூரத்துலேருந்து வருது சார். கடைசி ஆள் இன்னும் வந்து சேரலை," என்றான் தம்பி.

காளான் மேடம் கைப்பையிலிருந்து சிவப்பு நூல்கண்டை எடுத்துத் தோட்டத்தின் எல்லையைச் சுற்றிக் கட்டினார். வெள்ளிக்கிழமை காலை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. நூலுக்கு உள்ளேயே தோட்டம் நின்றிருந்தால் கொள்கை சரி. தாண்டியிருந்தால் தவளைத் துறையையே மூடிவிடுவது. "தப்பா நினைச்சுக்காதீங்க," என்றார் மேடம் அக்காவிடம். "தவளைக்காக நான் அழுவேன். ஆனா மூடிடுவேன்."

வியாழக்கிழமைக்குள் நூல் மூன்று இடத்தில் விம்ம ஆரம்பித்திருந்தது. அக்கா மேசையில் உட்கார்ந்து தவளையைப் பார்த்தாள். காலை ஊன்றி முழு பலத்தோடு அதை ஒரு தள்ளுத் தள்ளி வேறு பக்கம் திருப்பிவிட்டால், ஆய்வு கெட்டது. கழகம் கலைந்து போகும், தவளையைத் தூக்கிவிடலாம், ஹவுஸ்ஓனரும் சமாதானமாகிவிடுவார். பட்டறை பிழைக்கும். செய்துவிடலாம் என்றுதான் செருப்பைக்கூடக் கழற்றினாள். அப்போது சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி, அவள் கேட்காமலே, "அக்கா, உப்பு கொஞ்சம் கம்மி," என்றான். அக்கா போய் ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கம்மியாகத்தான் இருந்தது. புல் முளைத்த நாளிலிருந்துதான் இவனுக்கு உப்பைப் பற்றிக் கருத்துச் சொல்கிற தைரியம் வந்திருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. திரும்பி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

திறந்த வாயை மூட வேண்டும், தவளையை அசைக்கக் கூடாது. இதைத் தொழில்முறையில் யோசித்தாள். பல்லில்லாதவர்கள் வாயை மூடினால் அது மூடுவது ஆகாது, மடிப்பதுதான். மேல் தாடைக்குக் கீழே கடிக்க ஏதாவது கிடைத்தால்தான் வாய் வாயாக நிற்கும். தவளைக்குத் தேவை ஒரு செட்டு. ஆனால் அச்செடுத்துச் செய்து முடிக்க ஒரு வாரம் ஆகும், விடிந்தால் வெள்ளி. மெருகு மட்டும் பாக்கியாகக் கைவசம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், ஹவுஸ்ஓனருடையது. அவர் அகலவாய்க்காரர். இளமையில் எடுத்த போட்டோ ஒன்றைப் பார்த்து அந்தச் சிரிப்பை அப்படியே கொண்டுவந்திருந்தாள்.

இத்தனை வருஷமாகப் பொய்யை நிஜம் மாதிரி செய்து கொடுத்துப் பிழைத்தவள் அவள். ஆனால் பொய்யை நிஜம் என்று சொல்லிக் கொடுத்ததில்லை. போட்டுக்கொள்கிறவருக்கு அது பொய் என்று தெரியும். இங்கே போட்டுக்கொள்ளப் போவது தவளை, நம்பப் போவது தம்பி. அந்தக் கணக்கு அவளுக்கு நேராகவில்லை. நேராகாமலே எழுந்து போய், ஈறில் பசை தடவி, மேல் செட்டை முதலிலும் கீழ் செட்டை அடுத்தும் தவளைக்குப் பொருத்தினாள். தவளை ஒருமுறை கடித்துப் பார்த்தது. பிறகு வாயை மூடியது. மூடின வாய் மெல்ல அகன்று ஒரு சிரிப்பில் வந்து நின்றது. கூடத்தில் காற்று நின்ற மாதிரி இலைச் சத்தம் அடங்கிற்று.

வெள்ளிக்கிழமை நூல் அறுபடாமல் இருந்தது. நெட்டையர் எல்லையை ஒருமுறை சுற்றி வந்தார். வாய்க்காலில் காலை விட்டுப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தார். அவர் நேர்மையான மனிதர், பொறாமைக்கும் அவருக்கு ஒரு கெடு உண்டு. "உட்கார்ந்துடுச்சு," என்றார். "வழியறதா இருந்தா நிக்க வேண்டிய அவசியமே இல்ல. தேடி வந்ததுதான் தேடினது கிடைச்சதும் நிக்கும். தம்பி, நீங்க சொன்னது சரி."

தம்பி அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு, யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து ஹவுஸ்ஓனர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். கனமான சாமானை முன்பக்கம் இருந்து தூக்க வேண்டும் என்று தெரிந்தவர் அவர். யார் தடுத்தும் கேட்காமல் தவளையைத் தாண்டிப் பட்டறைக்குள் குதித்துத் திரும்பி நின்றார். "முகத்தைப் பார்க்கறாரே!" என்று காளான் மேடம் அலறிக் கண்ணைப் பொத்திக்கொண்டார். ஹவுஸ்ஓனர் தூக்கக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார்.

"இது என் பல்லும்மா," என்றார் கடைசியில், அக்காவுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"ஆமா சார். கழட்டிக் குடுத்துடவா?"

"கழட்டினா?"

"கேரட்டு மறுபடி கிளம்பிடும்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் இப்படியா சிரிப்பேன்?"

"போட்டோவுல அப்படித்தான் இருக்கீங்க."

"அது எடுத்து நாப்பது வருஷம் இருக்கும். அதுக்கப்புறம் யாரும் சிரிங்கன்னு சொல்லல." மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். "என் சிரிப்பை நானே எப்படிம்மா தூக்கி வெளிய போடறது? இருக்கட்டும் விடு."

அவருடைய அச்சு பத்திரமாக இருந்தது. அடுத்த வாரத்துக்குள் அதே சிரிப்பில் இன்னொரு செட்டு செய்து கொடுத்தாள். அவர் நேராக வீட்டுக்குப் போய், நாற்காலி மேல் ஏறி, கூரையில் தொங்கிய கேரட்டு ஒன்றைக் கையால் பறிக்காமல் வாயாலேயே கடித்துத் தின்றதாக அவருடைய மனைவி மாடியேறி வந்து சொல்லிவிட்டுப் போனாள். காலி செய்கிற பேச்சு அதோடு போயிற்று. கழகம் தம்பிக்குத் தவளையார் என்று பட்டம் கொடுத்தது. நெட்டையர் எட்டாம் பாகத்தைத் தொடங்கும் முன், தன் குள்ளர்களில் ஒருவனைத் தம்பியின் தோட்டத்தில் சில நாள் வைத்துப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக என்றான் தம்பி.

இதெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம், தம்பி சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போகும்போது பின்பக்கமாக நடக்காமல் எல்லாரையும் போல நடந்து வந்தான். வேண்டுமென்றா, பட்டம் வந்த மிதப்பில் மறந்தானா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. தவளைக்கு எதிரே நின்றுவிட்டான். அக்கா மாவு குழைத்துக்கொண்டிருந்தாள். குழைத்த மாவு கிண்ணத்திலேயே இறுக ஆரம்பித்தது.

"அக்கா," என்றான். "இடது கோரைப்பல்லு கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு."

"அப்படி வெச்சாத்தான்டா நம்புவாங்க."

அவன் தலையை ஆட்டினான். "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, தவளையைத் தாண்டிக் கூடத்துக்குப் போய்ப் புல் வெட்டினான். அன்றைக்குச் சாயங்காலம் அவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, கேட்காமல் இருக்க முடியாமல், உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். "சரியா இருக்குக்கா," என்று நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அவன் கை கழுவப் போனபோதுதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது, அன்று அவள் உப்பே போடவில்லை.

பல்செட்டை வாரம் ஒருமுறையாவது கழற்றிக் கழுவ வேண்டும். வாடிக்கைக்காரர்கள் எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்கிற விதியைத் தவளைக்கு மட்டும் தளர்த்த அவளுக்கு மனசில்லை. ஆகவே ஞாயிறு காலையில் கழற்றுவாள், பிரஷ் போட்டுத் தேய்த்து மாட்டிவிடுவாள். அந்த இடைவெளியில் தவளை ஒரே ஒரு பொருளைத் துப்பும். அதற்குள் சிரிப்பு திரும்பி வந்துவிடும். தம்பி கூடத்தில் விதிப்படி முதுகுப் பக்கம் தயாராக நின்றுகொண்டு, என்ன வரப் போகிறது என்று முன்கூட்டியே அறிவிப்பான். ஹவுஸ்ஓனரும் சில வாரம் வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கேரட்டைக் கடித்துக்கொண்டே கேட்பார். போன வாரம் ரோஜாச்செடி என்றான். வந்தது தெருவிளக்குக் கம்பம். குளியலறைப் பக்கம் வெகுநாளாக இருட்டு, அங்கே நட்டுக்கொண்டார்கள்.